தார் போடுவதற்கு முன்: ஜி.எஸ்.டி. சாலை பற்றி வாசகர் கேள்விகள்

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் தாம்பரம் முதல் திண்டிவனம் வரையிலான பகுதியை மறுசீரமைத்து அகலப்படுத்துவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். சாலை மூப்படைந்து பழுதாவது ஒரு நோய், நெரிசலில் திணறுவது வேறொரு நோய், இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துவிட்டு இரண்டும் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்பதே அந்தக் கட்டுரையின் சாரம். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சாலைப் பணியிலேயே என் வேலைக்காலம் முழுவதும் கழிந்ததால், சில இடங்களில் சொந்த அனுபவத்தையும் சேர்த்திருக்கிறேன்.

மறைமலை நகரிலிருந்து ஒரு வாசகி: தாம்பரத்தைத் தாண்டிய பிறகு சாலையின் பெரும்பகுதி எட்டு வழியாகிவிட்டது. ஆனாலும் மாலை நேரத்தில் பெருங்களத்தூரிலிருந்து கூடுவாஞ்சேரி வந்து சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. இன்னும் அகலப்படுத்தினால் இது தீருமா?

தீராது என்பதுதான் என் கருத்து. ஒரு சாலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்பதை அதன் அகலம் மட்டும் முடிவு செய்வதில்லை. அதன் மிகக் குறுகிய, மிகக் குழப்பமான இடமே முடிவு செய்கிறது. குடத்தின் வயிறு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தண்ணீர் கழுத்தின் அளவுக்குத்தான் வெளியே வரும். நீங்கள் குறிப்பிடும் பகுதியில் வண்டலூர் சந்திப்பு ஒரு கழுத்து; மீஞ்சூரிலிருந்து 62 கி.மீ. நீளத்துக்கு வரும் வெளிவட்டச் சாலை தன் வண்டிகளையெல்லாம் அங்கேதான் கொண்டுவந்து கொட்டுகிறது. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி நிறுத்தங்களில் பேருந்துகள் ஒதுங்குவதற்கு இடமில்லாமல் ஓடுபாதையிலேயே நின்று ஆட்களை ஏற்றிக்கொள்வது இன்னொரு கழுத்து. எட்டு வழியில் இரண்டு வழியை நிற்கும் பேருந்தும் அதன் பின்னால் காத்திருக்கும் ஆட்டோவும் எடுத்துக்கொண்டால், மீதமுள்ள வழிகளுக்காக எல்லாரும் ஒரே இடத்தில் முட்டிமோதுகிறார்கள்.

இதைத் திட்டமிடுபவர்கள் முதலில் செய்ய வேண்டியது எண்ணிக்கை. ஏழு நாள், ஒவ்வொரு நாளும் இருபத்துநான்கு மணி நேரமும், வண்டிகளை வகை வகையாகப் பிரித்து எண்ண வேண்டும். இப்போது கேமரா இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சாலையோரம் ஒரு மேசையைப் போட்டு, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில், ஐந்தைந்தாகக் கோடு போட்டு எண்ணினோம். விடியற்காலை மூன்று மணிக்குக் கண் சொக்கும்போதுதான் காய்கறி லாரிகள் வரிசையாக வரத் தொடங்கும். அந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிட்டால் சாலையின் மேல் விழும் எடையில் பெரும்பங்கு கணக்கில் வராமல் போய்விடும்.

எண்ணி முடித்ததும் எல்லா வண்டிகளையும் கார் கணக்குக்கு மாற்றுவார்கள். ஊர்ப்புறச் சாலைகளுக்கு இந்தியச் சாலைப் பேரவை வகுத்த அட்டவணைப்படி கார் ஒன்று, இருசக்கர வாகனம் அரை, பேருந்தும் லாரியும் மூன்று. மாட்டு வண்டிக்கு எட்டு. இந்த எண்களை வைத்து ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐம்பது பேர் ஆளுக்கொரு இருசக்கர வாகனத்தில் போனால் அது இருபத்தைந்து கார்களுக்குச் சமம். அதே ஐம்பது பேர் ஒரு பேருந்தில் போனால் மூன்றே கார்களுக்குச் சமம். கூடுவாஞ்சேரியிலிருந்து தாம்பரத்துக்கு வேலைக்குப் போகிறவருக்கு நல்ல பேருந்தும் அடிக்கடி ரயிலும் கிடைப்பது, சாலையில் இரண்டு வழியைக் கூட்டுவதைவிட அதிகப் பலன் தரும் என்று நான் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

அடுத்து, வண்டிகளை ஓரங்கட்டி நிறுத்தி "எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள்" என்று கேட்கும் கணக்கெடுப்பு. இது இல்லாமல் எந்தத் திட்ட அறிக்கையையும் நான் நம்பமாட்டேன். திருச்சிக்குப் போகும் வண்டியும் மூன்று கி.மீ. தள்ளியிருக்கும் மளிகைக் கடைக்குப் போகும் வண்டியும் ஒரே சாலையில் ஓடுகின்றன. முன்னதற்குத் தடையில்லாத வழி வேண்டும். பின்னதற்கு அணுகுசாலையும் (சர்வீஸ் ரோடு), திரும்புவதற்கு இடமும், நடப்பதற்கு நடைபாதையும் வேண்டும். இரண்டையும் பிரிக்காமல் எத்தனை வழி போட்டாலும் இரண்டும் சேர்ந்தே திணறும்.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தின் கேட்டி நெடுஞ்சாலையை ஏறத்தாழ 280 கோடி டாலர் செலவில், 2008-இல், உலகின் மிக அகலமான சாலைகளுள் ஒன்றாக மாற்றினார்கள். அணுகுசாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 வழிகள். சில ஆண்டுகளிலேயே அங்கே அலுவலக நேரப் பயணம் பழையபடி நீளத் தொடங்கியது. புதிய இடம் கிடைத்ததும், முன்பு வேறு வழியில் போனவர்கள், வேறு நேரத்தில் போனவர்கள் எல்லாரும் அந்தச் சாலைக்கே வந்துவிட்டார்கள்; நகரத்துக்கு அப்பால் புதிய குடியிருப்புகளும் முளைத்தன. ஊரப்பாக்கத்துக்கும் மறைமலை நகருக்கும் இடையே கடந்த இருபது ஆண்டுகளில் எழுந்த அடுக்குமாடிகளைப் பார்த்த உங்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பர் 30 அன்று அது திறக்கப்பட்டது. முனையம் முதலில் வந்துவிட்டது. அதற்கான ரயில் நிலையமும், விமான நிலையத்திலிருந்து சுமார் 15 கி.மீ. நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட மெட்ரோவும் பின்தங்கிவிட்டன. ஊருக்குப் போகும் கூட்டம் முழுவதும் அதே சாலை வழியாகவே முனையத்தை அடைய வேண்டியிருந்தது. வரிசை மாறியிருந்தால் பொங்கலுக்கு முந்தைய இரவுகள் இவ்வளவு துன்பமாக இருந்திருக்காது. என்னுடைய முடிவு இது: தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை இனி அகலத்தைக் கூட்ட வேண்டாம், சந்திப்புகளையும் நிறுத்தங்களையும் சீர்செய்து ரயிலைப் பலப்படுத்துங்கள். செங்கல்பட்டுக்குத் தெற்கே, வெளியூர் வண்டிகளே மிகுதியாக ஓடும் பகுதியில், அகலப்படுத்துவதற்கு நியாயம் இருக்கிறது.

மதுராந்தகத்திலிருந்து ஒரு வாசகர்: எங்கள் பகுதியில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மேலே தார் போடுகிறார்கள். அடுத்த மழையிலேயே பெயர்ந்துவிடுகிறது. தரக்குறைவான தார்தான் காரணமா? சாலையை அடியோடு தோண்டிப் போட வேண்டும் என்று நீங்கள் எழுதியது வீண் செலவில்லையா?

தரக்குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் மேலே தெரியும் பள்ளத்துக்குக் காரணம் பெரும்பாலும் அடியில் இருக்கிறது.

சாலையின் உடல்நிலையை அறிய நாங்கள் சோதனைக் குழி வெட்டுவோம். ஒரு மீட்டர் சதுரத்துக்குத் தாரை அறுத்து எடுத்துவிட்டு, அடுக்கடுக்காகக் கீழே போக வேண்டும். ஒரு முறை, நான்கு வழிச் சாலை ஒன்றில், நடுத்தடுப்பை ஒட்டி இப்படி வெட்டினோம். மேலே கறுப்பாக ஐந்து அடுக்குத் தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு முறை போட்டது, நிறத்தில் மெல்லிய வேறுபாடு தெரிந்தது. அதன் கீழே இருக்க வேண்டியது கெட்டியாக இறுகிய ஜல்லிப் படுகை. நான் கையை விட்டுப் பார்த்தபோது ஜல்லி கையோடு வந்துவிட்டது. கற்களுக்கு இடையில் களிமண் சேறு. மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழியின் ஒரு பக்கச் சுவரிலிருந்து தண்ணீர் கசிந்து அடியில் தேங்கியது. எங்கிருந்து வருகிறது என்று தேடினால், நடுத்தடுப்பில் வைத்திருந்த அரளிச் செடிகளுக்கு லாரியில் கொண்டுவந்து ஊற்றும் தண்ணீர். தடுப்புக்கு அடியில் வடிகால் குழாய் வைக்கவில்லை. ஊற்றிய தண்ணீர் வாரா வாரம் சாலைக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சாலைக்கு ஆறாவது அடுக்குத் தார் போட்டிருந்தால் அதுவும் பெயர்ந்துதான் போயிருக்கும்.

தண்ணீருக்கு அடுத்த காரணம் எடை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டிச் செய்த பெரிய சாலைச் சோதனையில் ஒரு விதி கிடைத்தது. அச்சின் மேல் வரும் சுமை கூடும்போது சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் மடியில் கூடும். அதாவது சுமை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. நம் நாட்டில் 2018 ஜூலையில், நான்கு சக்கரம் கொண்ட ஒற்றை அச்சுக்கான உச்ச அளவை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தினார்கள். கேட்பதற்கு எட்டில் ஒரு பங்கு உயர்வுதான். நான்காம் மடி விதிப்படி கணக்கிட்டால், முழுச் சுமையுடன் ஓடும் ஒவ்வொரு அச்சும் சாலைக்குச் செய்யும் சேதம் சுமார் 60 சதவீதம் கூடுகிறது. லாரித் தொழிலுக்கு அந்த உயர்வு தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் ஏற்கெனவே போட்டு முடித்த சாலைகள் அந்தச் சுமைக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல.

இந்தச் சாலை நான்கு வழியானது 2000-களின் நடுப்பகுதியில். அக்காலத்தில் தேசிய நெடுஞ்சாலையின் தார்த்தளத்தைப் பொதுவாக 15 ஆண்டுகளுக்கு வடிவமைப்பார்கள். இப்போது அது 20 ஆண்டு. எப்படிப் பார்த்தாலும் முதல் ஆயுள் முடிந்துவிட்டது. ஆயுள் முடிந்ததா என்பதைச் சாலையே காட்டிக்கொடுக்கும். சக்கரம் ஓடும் தடத்தில் முதலைத் தோலைப் போல் கட்டங்கட்டமாக விரிசல் விழுந்திருந்தால், தாரின் அடிப்பக்கம் களைத்து, வெடிப்பு அங்கிருந்து மேலே ஏறி வந்துவிட்டது என்று பொருள். அதன் மேல் போடும் புதுத்தாருக்கும் அதே விரிசல் ஏறிவரும். ஓரிடத்தில் எடையை விழச் செய்து சாலை எவ்வளவு தாழ்ந்து எழுகிறது என்று அளக்கும் கருவியும் இருக்கிறது. அதைக்கொண்டு கி.மீ. வாரியாகப் பார்த்து, தாங்கும் பகுதிக்கு மேலடுக்கும், தாங்காத பகுதிக்கு மறுகட்டுமானமும் என்று பிரிக்க வேண்டும். எல்லாவற்றையும் தோண்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எல்லாவற்றின் மேலும் தார் ஊற்ற வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

தோண்டியது வீணாவதும் இல்லை. பழைய தார்க்கலவையை மில்லிங் இயந்திரத்தால் சுரண்டி எடுத்துப் புதுக்கலவையில் ஒரு பங்காகச் சேர்க்கலாம். பழைய ஜல்லியைச் சிமென்ட் கலந்து அங்கேயே படுகையாக இறுக்கலாம். இதனால் மலையை உடைக்கும் வேலை அந்த அளவுக்குக் குறைகிறது. சாலையின் மட்டமும் உயராது. சாலை உயர உயர வீடுகள் பள்ளத்தில் போய்விடுகின்றன என்ற குறை நீண்ட நாளாக இருந்ததால்தான், பழைய தளத்தைச் சுரண்டிய பிறகே புதுத்தளம் போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலர் இறையன்பு உத்தரவிட்டார்.

விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகர்: 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது அரசூர் அருகே வெள்ளம் நெடுஞ்சாலையின் மேலேயே ஓடி, திருச்சிப் போக்குவரத்து நின்றது. அகலப்படுத்தும் திட்டத்தில் இதற்கு வழி செய்வார்களா?

செய்தே ஆக வேண்டும். நீங்கள் சொல்லும் இடம் இந்தப் பகுதிக்குத் தெற்கே இருந்தாலும் காரணம் ஒன்றுதான். நம் வட தமிழ்நாட்டில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. சாலையோ வடக்கிலிருந்து தெற்காகப் போகிறது. ஆகவே ஒவ்வொரு ஆற்றுக்கும், ஓடைக்கும், ஏரிக் கலங்கலிலிருந்து இறங்கும் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் இந்தச் சாலை குறுக்கே கிடக்கும் ஒரு கரை. அதிலுள்ள பாலங்களும் சிறுபாலங்களுமே தண்ணீருக்குத் திறந்துவிட்ட கதவுகள். சாலையை அகலமாக்கும்போது சிறுபாலத்தையும் நீளமாக்குவார்கள். தண்ணீர் நுழையும் கண்ணின் அகலத்தைக் கூட்டாமல் நீளத்தை மட்டும் கூட்டினால், மண்ணும் குப்பையும் அடைத்து, கதவு முன்னைவிட மோசமாகவே வேலை செய்யும்.

பாலங்களை நூறு ஆண்டுக்கு ஒரு முறை வரக்கூடிய வெள்ளத்துக்கும், சிறுபாலங்களை ஐம்பது ஆண்டு வெள்ளத்துக்கும் கணக்கிடுவது வழக்கம். அந்த வெள்ளம் எவ்வளவு என்பது பழைய மழைக் கணக்கிலிருந்து வருகிறது. அந்தப் புயலில் திண்டிவனத்துக்குப் பக்கத்திலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. புதிய திட்ட அறிக்கை இந்த மழையையும் 2015 டிசம்பர் மழையையும் சேர்த்துக்கொண்டு புதிதாகக் கணக்கிட வேண்டும். அதோடு, சாலையின் கிழக்குப் புறத்தில் பத்து ஆண்டுகளுக்கு முன்பு வயலாக இருந்து இப்போது மனைப்பிரிவாகிவிட்ட இடங்களில் தண்ணீர் எப்படிப் போகும் என்பதையும் நடந்து பார்க்க வேண்டும். ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்து, "எந்த வருஷம் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேட்டால் அவர் சுவரில் கைவைத்துக் காட்டுவார். அந்தக் குறியை அளந்து எழுதிக்கொள்ளாத வெள்ள ஆய்வு அரைகுறையானது.

அச்சிறுபாக்கத்திலிருந்து ஒரு வாசகர்: எங்கள் நிலத்தில் வந்து அளந்துவிட்டு, கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. நாங்கள் எப்போது, யாரிடம் பேச வேண்டும்?

கல் நட்டதாலேயே நிலம் போய்விட்டதாக அஞ்ச வேண்டாம். ஆனால் அசட்டையாகவும் இருந்துவிடாதீர்கள், ஏனெனில் இதில் நாள் கணக்கு மிகவும் முக்கியம்.

தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி நடக்கிறது. முதலில் 3ஏ பிரிவின் கீழ் அரசிதழில் அறிவிக்கை வரும். அதன் சுருக்கம் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில், ஒன்று வட்டார மொழியில் இருக்குமாறு, வெளியாக வேண்டும். அதில் உங்கள் புல எண்ணும் எடுக்கப்படும் பரப்பும் இருக்கும். அரசிதழில் வெளியான நாளிலிருந்து 21 நாட்களுக்குள், நில எடுப்புக்கென நியமிக்கப்பட்ட அலுவலரிடம், எழுத்து மூலம் ஆட்சேபணை தர வேண்டும். நீங்கள் கேட்டால் உங்களை நேரில் அழைத்து விசாரிக்கவும் வேண்டும். பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இந்த 21 நாட்களைத்தான். நாளிதழின் உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் வருவதைக் கவனிக்காமல், பிறகு 3டி பிரிவின்படி நிலம் அரசுக்குச் சொந்தமானதாக அறிவிப்பு வந்த பின் ஓடிவருவார்கள். முதல் அறிவிக்கை வந்து ஓராண்டுக்குள் 3டி அறிவிப்பு வராவிட்டால் அந்த முதல் அறிவிக்கை செல்லாததாகிவிடும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

2013-ஆம் ஆண்டின் புதிய நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு விதிகள் 2015 ஜனவரி முதல் இதற்கும் பொருந்தும். சந்தை மதிப்போடு நூறு சதவீத ஆறுதல் தொகையும் உண்டு. கிணறு, மரம், கட்டடம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பீடு செய்ய வேண்டும். நிலத்தின் ஒரு துண்டை எடுத்ததால் மீதமுள்ள துண்டுக்கு வழியில்லாமலோ பாசனம் இல்லாமலோ போனால் அந்த இழப்பையும் கணக்கில் சேர்க்கச் சட்டம் இடமளிக்கிறது. இதை நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். தொகை போதாது என்றால் நடுவரிடம் போகலாம். இப்போதே செய்யக்கூடியது ஒன்று: பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று மூன்றிலும் பெயரும் பரப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். தாத்தா பெயரிலேயே பட்டா இருந்ததால் ஆண்டுக்கணக்கில் இழப்பீடு முடங்கிக் கிடந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

செங்கல்பட்டிலிருந்து ஒரு வாசகர்: மாமண்டூர் பாலாற்றுப் பாலத்தையும் அகலப்படுத்துவார்களா?

பழைய பாலத்தை இழுத்து அகலமாக்குவதைவிட, பக்கத்தில் புதிய பாலம் கட்டுவதே பெரும்பாலும் நல்லது. பழைய தூண்களும் புதிய தூண்களும் ஒரே அளவில் அமிழாது. இணைப்பில் வெடிப்பு விடும். புதிய பாலத்தைத் திறந்து போக்குவரத்தை அதற்கு மாற்றிய பின், பழையதை மூடி, உத்தரத்தின் அடியிலுள்ள தாங்கிகளையும் விரிவு இணைப்புகளையும் மாற்றிக்கொள்ளலாம். ஆற்றில் மணல் அள்ளி அள்ளி அடித்தளம் வெளியே தெரிகிறதா என்று பார்ப்பதும் இதில் சேர வேண்டும். சாலை எட்டு வழியாகிப் பாலம் நான்கு வழியாகவே நின்றால், முன்னே சொன்ன குடத்தின் கழுத்துதான்.

மேல்மருவத்தூரிலிருந்து ஒரு வாசகி: நான் பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் சாலையைக் கடக்கும்போது என் உயிர் என்னிடம் இல்லை. இன்னும் அகலமானால் எப்படிக் கடப்பார்கள்?

உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன், பலமுறை படித்தேன். இந்தக் கேள்வியைத் திட்ட அறிக்கையின் கடைசி அத்தியாயத்தில் வைப்பது எங்கள் துறையின் நெடுநாளைய தவறு. நான்கு வழிச் சாலையைக் கடக்கும் பிள்ளை ஆறு வழியைக் கடக்க ஒன்றரை மடங்கு நேரம் வேண்டும். வண்டிகளோ முன்னைவிட வேகமாக வரும். பேருந்து நிறுத்தம் ஒரு பக்கமும் ஊர் மறுபக்கமும் இருக்கும் இடங்களில், அகலப்படுத்தியதாலேயே சாவு கூடும்.

தரைக்கு மேல் நடைமேம்பாலம் கட்டித் தருவதாகச் சொல்வார்கள். ஆறு மீட்டர் உயரத்துக்குப் படியேறி இறங்க வேண்டிய பாலத்தை, தலையில் சுமையோடு வரும் பெண்ணோ, முழங்கால் வலியுள்ள முதியவரோ பயன்படுத்தமாட்டார். தடுப்பின் இடைவெளியில்தான் நுழைவார். அதற்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சாலையை ஒரு சீரான சரிவில் உயர்த்தி, மக்கள் தரைமட்டத்திலேயே அடியில் நடந்துபோகுமாறு சுரங்கப்பாதை அமைப்பதே சரி. அது மழையில் குளமாகாதபடி, ஊரின் மட்டத்துக்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும். இரவிலும் விளக்கு எரிய வேண்டும். செலவு கூடத்தான் செய்யும்.

ஒரு நடைமுறை யோசனை. சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ படுகாயமோ நேர்ந்த விபத்துகள் ஐந்து நடந்திருந்தாலோ, பத்துப் பேர் இறந்திருந்தாலோ, அந்த இடத்தை விபத்து மிகுந்த பகுதியாக அறிவித்துச் சீர்செய்ய வேண்டும் என்பது மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வரையறை. உங்கள் பகுதிக் காவல் நிலையத்தின் விபத்துப் பதிவுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கி, பள்ளிக் கடிதத்தோடு தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட இயக்குநருக்கு அனுப்புங்கள். ஆனால் ஐந்து பேர் அடிபடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வடிவமைப்பு முடிவாகாத இந்த நேரத்தில் கேட்டால் வரைபடத்தில் ஒரு கோடு மாறும், கட்டி முடித்த பிறகு கேட்டால் பல ஆண்டுகள் ஆகும்.

திண்டிவனத்திலிருந்து ஒரு வாசகர்: சாலையோரப் புளிய மரங்களை எல்லாம் வெட்டிவிட்டுப் பதிலுக்குக் கன்று நடுவோம் என்கிறார்கள். நடுகிறார்களா?

நடுகிறார்கள், வளர்க்கிறார்களா என்பதே கேள்வி. புளியங்காய் மகசூலை ஏலம் விட்டு வருமானம் பார்த்த துறை எங்களுடையது, அந்த நிழலில் வளர்ந்தவர்கள் நாங்கள். மாவட்டங்களில் 2021-இல் பசுமைக் குழுக்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. வெட்டுவதற்கு அவற்றின் ஒப்புதல் வேண்டும். நான் விரும்புவது, மரம் அடர்ந்த பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கம் மட்டும் அகலப்படுத்த முடியுமா என்பதை ஒவ்வொரு கி.மீ.க்கும் தனியே பரிசீலிக்க வேண்டும் என்பது. இருபுறமும் சமமாக இழுப்பது வரைபடத்தில் எளிது. ஒருபுறமாக இழுத்தால் ஒரு வரிசை மரமாவது பிழைக்கும். கன்று நடும் ஒப்பந்தத்துக்கும் நட்ட அன்றைக்குப் பணம் தராமல், ஐந்தாம் ஆண்டில் உயிரோடு நிற்கும் மரத்துக்குப் பணம் தர வேண்டும்.

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர்: வேலை நடக்கும் ஆண்டுகளில் நாங்கள் எப்படிப் போய்வருவது? அதற்கும் முழுச் சுங்கம் கட்ட வேண்டுமா?

சாலையை மூடிவிட்டு வேலை செய்ய முடியாது என்பதே இதில் உள்ள மிகப் பெரிய சிக்கல். நோயாளி நடந்துகொண்டிருக்கும்போதே அறுவை சிகிச்சை செய்வது போன்ற வேலை இது. ஒருபுறமாக அகலப்படுத்துவதற்கு இன்னொரு நன்மை இங்கே தெரியும்: பழைய நான்கு வழியில் கைவைக்காமல் புதிய பகுதியை முழுமையாகக் கட்டி, வண்டிகளை அதற்கு மாற்றிவிட்டு, பிறகு பழையதைத் தோண்டலாம். இரண்டையும் சேர்க்கும் இடத்தில் பழைய கரையின் சரிவைப் படிக்கட்டுப் போல் வெட்டி, புதுமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு ரோலரால் இறுக்க வேண்டும். அவசரத்தில் இதைச் செய்யாமல் மண்ணைச் சரித்துக் கொட்டிவிட்டால், இரண்டே மழையில் அந்தச் சேர்க்கை நெடுக நீண்ட விரிசல் விழும். இருசக்கர வாகனம் அதில் சிக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

வரிசையும் முக்கியம். முதலில் வடிகாலும் அணுகுசாலையும், அடுத்துச் சிறுபாலங்கள், பிறகுதான் முதன்மைப் பாதை. நடைமுறையில் கண்ணுக்குத் தெரியும் முதன்மைப் பாதையை முதலில் தொடங்கிவிடுகிறார்கள். மாற்றுவழிக்கென்று விட்ட அணுகுசாலை குண்டும் குழியுமாக இருக்க, அதில் ஆம்புலன்ஸ் சிக்கி நிற்பதைப் பார்த்து நான் தலைகுனிந்திருக்கிறேன். ஒப்பந்தத்திலேயே மாற்றுவழியின் தரமும் அதற்கான தொகையும் தனி இனமாக இருக்க வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் எந்த வழியையும் மூடக் கூடாது என்ற நாட்காட்டியும் ஒப்பந்தத்தில் சேர வேண்டும்.

சுங்கம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மதுரவாயலுக்கும் வாலாஜாபேட்டைக்கும் இடையே சாலை மிக மோசமாகக் கிடந்தபோது, அது சீராகும் வரை அங்குள்ள இரண்டு சுங்கச்சாவடிகளில் பாதிக் கட்டணம் மட்டுமே வாங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. இங்கும் வேலை தொடங்கும் நாளிலேயே, யாரும் நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய தேவையில்லாமல், இந்தச் சாலையிலுள்ள பரனூர், ஆத்தூர் சுங்கச்சாவடிகளில் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. திட்ட அறிக்கை மீதான மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் உங்கள் பகுதியில் நடந்தால், இந்த ஒரு கோரிக்கையை எழுதி, ஒப்புதல் முத்திரையோடு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.